விராலடிப்பானும் கொழுந்துக் கூடையும்

(தலவாக்கலை, பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர் எழுதியது)

கல்லூரித் தாய் விழாக் காணும் இவ்வேளையில், அவள் மைந்தர் பலர் பலவகைக் காணிக்கைகளை அவள் திருமுன் வைக்க முன்வந்துள்ளனர். கட்டடம் தருவாரும் உளர். நூல் தருவாரும் உளர். வறிய மாணவர்க்கு உதவிப்பணம் தருவாரும் உளர். அவர்களுள் சிலர், மாணவரிடையே இயற்கை நிழற்படப் போட்டியொன்றை நடாத்தி, வென்றவர்க்குக் கமராக்களைப் பரிசளிக்கலாம் என்னும் கருத்தையும் வெளியிட்டுள்ளனர். அத்தகைய படம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்கு மாதிரியாக, அவ்வன்பர்களுள் ஒருவர் தாம் எடுத்த படமொன்றையும் அனுப்பியிருந்தார். கடனீரேரியிலிருந்து பெரும் பறவையொன்று மேலெழுகின்றது. அதன் கால்களில் வெள்ளிய மீனொன்று துடிக்கின்றது. சிறகுகளிலிருந்து நீர்த்துளிகள் சிதறுகின்றன. ஆசிரியர் அறையில் அப்படத்தைக் கண்டு வியவாதார் இலர். யானும் வியந்தேன். ஆயினும், “இது எவ்வாறு எடுக்கப்பட்டது?” என்னும் வினா என் நெஞ்சில் எழுந்து நீங்காது நின்றது. போட்டி வேண்டும் என்பதே என் முடிபு. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகளும் வேண்டும் என்பதைக் காரணங்காட்டி வற்புறுத்தவே இதனை எழுதலானேன்.

அப்படத்திலுள்ள பறவை விராலடிப்பான். 1758ஆம் ஆண்டிலே லின்னேயசு என்னும் சுவீடன் நாட்டறிஞர் இதற்கு அறிவியற் பெயர் இட்டார். நம் முன்னோரோ அதன் தொழிலையே அதற்குப் பெயராக்கினர். முதுகு கரும்பழுப்பு, வயிறு வெண்மை, வெண்டலையிலே கண்ணின் ஊடாகச் செல்லும் கரிய கோடு ஒன்று. விரித்த சிறகுகளின் அகலம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றருக்கு மேல். உடல் நிறையோ இரண்டு கிலோகிராம் அளவிற் பெரும்பாலும் அடங்கிவிடும். வட ஆசிய, ஐரோப்பிய நிலங்களில் குளிர் மிகும்போது தெற்கு நோக்கிப் புறப்பட்டு, இந்தியாவிற்கும் இலங்கைக்கும் மாரிகால விருந்தாக வருவது. நம் நாட்டில் இதனைக் காண்டல் அரிது. காண்போர் பெரும்பாலும் கடனீரேரி, களப்பு, பெருங்குளம் என்பவற்றின் கரைகளிலேயே காண்பர்.

மீனன்றி வேறுணவை இது நாடுவது மிக அரிது. அத்தொழிலுக்கேற்ப இயற்கை இதற்கு அளித்த கருவிகளை எண்ணுந்தோறும் வியப்பு மிகும். ஏனைய பருந்துகளுக்கு முன்னோக்கி மூன்று விரலும் பின்னோக்கி ஒரு விரலுமாக நிற்கும். விராலடிப்பானோ வெளிவிரலைப் பின்னே திருப்பி, வழுக்கும் மீனை முன்னிரண்டும் பின்னிரண்டுமாக இறுகப் பற்ற வல்லது. அடிப்பாதத்தில் முள் போன்ற சொரசொரப்பு உண்டு. நீருட் புகும்போது மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளும். பத்து முதல் நாற்பது மீற்றர் உயரத்தில் வட்டமிட்டு, ஓரிடத்திற் சிறகடித்து நின்று, கீழே நோக்கித் தன்னை எறிந்துகொள்ளும். நீரைத் தொடும் கடைசிக் கணத்திலே கால்களை முகத்திற்கு நேரே நீட்டி, ஒரு மீற்றர் ஆழம் வரை பாயும். நீரினுள் இருக்கும் பொருள் தன் உண்மை ஆழத்தின் முக்காற் பங்கிலே இருப்பதுபோலத் தோன்றும் என்று நம் மாணவர் விஞ்ஞான வகுப்பிற் கற்கின்றனர். அப்பொய்த் தோற்றத்தையும் கணக்கிட்டே அப்பறவை பாய்தல் வேண்டும். மீனோடு எழுந்தபின் உடலை ஒருமுறை உதறி நீரைச் சிந்தி, மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு செல்லும். காற்றின் தடை அதனாற் குறையும்.

இப்பறவையை யான் நேரிற் கண்டது ஒரே முறை. சில ஆண்டுகளுக்கு முன்னர், சிவராத்திரி விரதத்தின் பொருட்டு மாணவர் சிலரோடு திருக்கேதீச்சரம் சென்றிருந்தேன். இரவு முழுவதும் கண்விழித்து, மறுநாட் காலையில் மன்னார்த் தாம்போதியை அடைந்தோம். ஆங்கு நீர் நடுவே மீனவர் நட்டிருந்த கம்பொன்றின் மீது விராலடிப்பான் அமர்ந்திருந்தது. அதன் பிடியில் அப்பொழுதுதான் பற்றிய மீன். கரையில் நீண்ட வில்லை பொருத்திய கமராவோடு ஒருவர் நின்றார். பறவை அமர்ந்த நிலையிலே பல படங்களை எடுத்த அவர், அது பறக்கும் நிலையிலும் ஒரு படம் வேண்டினர் போலும். தம் துணைவரை நோக்கிக் கையசைத்தார். துணைவர் ஒரு கல்லை எடுத்து நீரில் வீசினார். பறவை திடுக்கிட்டு எழுந்தது. மீன் நழுவி நீரில் விழுந்தது. கமராவின் ஓசை மழைபோற் பொழிந்தது. “நல்ல படம் கிடைத்தது” என்று மகிழ்ந்து அவர் சென்றார். விராலடிப்பான் நெடுநேரம் வட்டமிட்டது. இரண்டு முறை பாய்ந்தது. இரண்டு முறையும் வெறுங்காலோடு எழுந்தது. எமது வாகனம் புறப்படும் வரை அதற்கு இரை கிட்டவில்லை. என் மாணவருள் ஒருவன், “சேர், அந்தப் படத்துக்குப் பரிசு கிடைக்குமா?” என்று வினவினான். யான் விடை கூறவில்லை. இக்கட்டுரையே அவனுக்கு யான் காலந்தாழ்த்திக் கூறும் விடை.

ஒரு மீன் போனால் ஒன்றும் குறைந்துவிடாது என்பார் உளர். அவர் கணக்கு மனிதனுடைய கணக்கு. பறவையின் கணக்கு வேறு. ஆய்வாளர் பல நாடுகளில் இதன் பாய்ச்சல்களை எண்ணிக் கண்டுள்ளனர். நூற்றுக்கு 74 பாய்ச்சல் பலித்த இடமும் உண்டு. நூற்றுக்கு 24 மட்டுமே பலித்த இடமும் உண்டு. ஒவ்வொரு பாய்ச்சலும் நனைந்த சிறகோடு நீரைப் பிளந்து மீண்டெழும் கடும் உழைப்பு. பல்லாயிரம் கிலோமீற்றர் கடந்து வந்து, மீண்டும் அத்தூரம் பறந்து செல்வதற்கான வலுவை இந்நீர்நிலைகளிலேயே அது தேடிக்கொள்ளல் வேண்டும். அதன் காலில் இருந்த மீன் ஒரு காலைப்பொழுதின் கூலி.

கூலி என்னும் சொல்லை ஈண்டு யான் விரும்பியே ஆள்கின்றேன். எனக்குப் பத்து வயதிருக்கும், பாடசாலை விடுமுறை. அம்மாவுக்குத் தேநீர்ப் போத்தல் கொண்டு மலைக்குச் சென்றிருந்தேன். வீதியோரத்து மலையாதலின் உல்லாசப் பயணிகள் வாகனத்தை நிறுத்துவது வழக்கம். அன்று வந்த ஒருவர் அம்மாவை நிற்கச் சொல்லிச் சைகை காட்டினார். இரண்டிலையும் மொட்டும் விரல்நுனியில் தெரியுமாறு பிடிக்கச் சொன்னார், கூடையைத் திருப்பச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், வெயில் முகில் நீங்கி வரும்வரை மீண்டும் நிற்கச் சொன்னார். பின்னர் எனக்கு ஓர் இனிப்பைத் தந்து சென்றார். மாலையிற் கொழுந்து நிறுத்தபோது, குறிக்கப்பட்ட நிறைக்கு ஒரு கிலோகிராம் குறைந்தது. அன்று அம்மாவுக்கு அரைப்பேர். தோட்டத்தின் பெயரும் கணக்கு எழுதியவர் பெயரும் ஈண்டு வேண்டா. அம்மா யாரையும் வையவில்லை. “அந்த ஆளு நல்லவருதான் தம்பி. கொழுந்து நிறுத்த பொறகு வந்திருந்தா, எம்புட்டு நேரமுன்னாலும் நின்னிருப்பேன்” என்று மட்டும் சொன்னார். அப்படம் இன்று எந்த நாட்டில், எந்தச் சுவரில் தொங்குகின்றதோ! எம் வீட்டில் அம்மாவின் இளமைக்காலப் படமாக எஞ்சியிருப்பது அடையாள அட்டையில் ஒட்டிய சிறு படம் ஒன்றே.

தேயிலைப் பயிர் இந்நாட்டிலே 1867இல் லூல்கந்துரையில் வணிகப் பயிராகத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு, கொழும்பு நிழற்பட நிலையங்களின் அஞ்சலட்டைகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் உலகெங்கும் சென்றது. உலகிலே மிகுதியாகப் படம் பிடிக்கப்பட்ட உழைப்பாளருள் எம்மவரும் சேர்வர் எனின் மிகையாகாது. எனினும் கமரா பெரும்பாலும் பிறர் கையிலேயே இருந்தது. பிறர் கமராவின் முன் நின்று கூலியிழந்த குடியிற் பிறந்த மாணவனுக்கு, தொழில் செய்யும் உயிரைப் படம் பிடிப்பது எத்துணைப் பொறுப்புடைய செயல் என்பதை எவரும் நெடிது விளக்க வேண்டியதில்லை. அவன் கையிற் கமரா சேரட்டும் என்று யான் வேண்டுவதற்கு முதற் காரணம் இதுவே.

தொழிலைக் குலையாது படமெடுத்தல் இயலுமோ எனின், இயலும். அறிவும் பொறுமையுமே அதற்கு வேண்டிய கருவிகள். விராலடிப்பான் பெரும்பாலும் காற்றை எதிர்த்து நின்றே இரை நோக்கும். காற்றை எதிர்த்தே பாயும். ஆதலால், காற்றும் கதிரவனும் தன் முதுகுப்புறம் இருக்குமாறு கரையில் அமர்ந்தவன் பறவையின் முகத்தையும் பெறுவான். அம்முகத்தில் ஒளியையும் பெறுவான். மன்னாரில் தை, மாசி மாதங்களில் வாடைக்காற்று வடகிழக்கினின்று வீசும். காலைக் கதிரவனும் கீழ்த்திசையில் நிற்பான். எனவே காலையில் காற்றும் ஒளியும் ஒரு பக்கத்தினவாகும். மாலையில் அவை மாறுபடும். இதனை அறிந்தவன் விடியுமுன் சென்று, தக்க இடத்தில் அசையாது அமர்வான். ஒரு செக்கனின் 2000இல் ஒரு பங்கு நேரமே திறந்து மூடுமாறு கமராவை ஆயத்தஞ் செய்து, பறவை தானே வரும்வரை இருப்பான். கல்லெறிபவன் இவற்றையெல்லாம் அறியாதவன். அவன் எறியும் கல் அவனது அறியாமையின் அளவைக் காட்டும். காலமறிதலுக்குக் கொக்கை உவமை காட்டிய வள்ளுவர், காத்திருத்தலையும் கைக்கொள்ளும் கணத்தையும் ஒருங்கே உணர்த்தினார். அப்பாடத்தைப் பறவையிடமிருந்து கற்றபின் படமெடுத்தலே முறை.

இப்பறவைக்கு மனிதன் இழைத்த தீங்கும், பின்னர் செய்த நன்மையும் ஸ்கொத்லாந்து நாட்டு வரலாற்றில் நன்கு விளங்கும். துப்பாக்கியாலும் முட்டை சேகரிப்போரின் பேராசையாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விராலடிப்பான் அங்குக் கூடு கட்டுதல் அற்றுப்போயிற்று. 1954ஆம் ஆண்டளவில் ஒரு சோடி மீண்டும் வந்தது. 1958இல் லொக் கார்ட்டன் என்னும் ஏரியருகே அன்பர்கள் இரவும் பகலும் காவல் இருந்தபோதும், ஒரு கள்வன் இருளில் மரமேறி முட்டைகளைக் கவர்ந்து, நிறம் பூசிய கோழி முட்டைகளை அவ்விடத்தில் வைத்துச் சென்றான். அடுத்த ஆண்டு பறவைப் பாதுகாப்புச் சங்கத்தார் ஒரு துணிவான முடிவு செய்தனர். கூட்டை மறைத்து வைப்பதை விடுத்து, தொலைவில் ஒரு மறைவிடம் அமைத்து, தொலைநோக்கியால் எவரும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்தனர். அவ்வாண்டு ஏறத்தாழ 14,000 பேர் வந்தனர். கூட்டில் மூன்று குஞ்சுகள் வளர்ந்து பறந்தன. பார்த்தோர் அனைவரும் காவலராயினர். இன்று பிரித்தானியாவில் இருநூறுக்கு மேற்பட்ட சோடிகள் கூடு கட்டுகின்றன. கூட்டருகே சென்று அதனைக் கலைக்கக்கூடிய வகையிற் படமெடுக்க அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பது 1981ஆம் ஆண்டின் சட்டம் வழியாக அங்கு நிலவும் விதி.

அந்நாட்டிலேயே மீன் வளர்க்கும் குட்டைகளின் கரையில் மறைவிடங்கள் அமைத்து, கட்டணம் பெற்றுப் படமெடுக்க இடமளிப்பதும் உண்டு. பறவைக்கு அதனால் தீங்கில்லை, மீனும் கிடைக்கின்றது. ஆதலின் யான் அதனைப் பழிக்கவில்லை. எனினும், உல்லாசப் பயணிகளுக்காகப் புதுச் சேலையும் புதுக்கூடையுமாகப் பெண்களை நிறுத்தி எடுக்கும் படத்தைக் கண்டவர்க்கு, ஆயத்தஞ் செய்த காட்சிக்கும் உண்மைத் தொழிலுக்கும் உள்ள வேற்றுமை புலப்படும். எம் மாணவர் பின்னதையே நாடுதல் வேண்டும்.

இன்னுமொன்று. படம் மட்டும் போதாது, குறிப்பேடும் வேண்டும். இரண்டாம் உலகப் போரின் பின்னர் டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லி பெருகியது. அது நீரிற் கலந்து, மீனிற் சேர்ந்து, மீனையுண்ணும் விராலடிப்பானின் உடலில் திரண்டது. முட்டையோடுகள் மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்திலேயே உடைந்தன. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிற் கூடுகள் ஆண்டுதோறும் குறைந்தன. ஆண்டுக்காண்டு கூடுகளையும் குஞ்சுகளையும் எண்ணி எழுதிவைத்தவர்கள் இருந்தமையாலேயே அக்கேடு வெளிப்பட்டது. 1972இல் அமெரிக்கா அந்நஞ்சைப் பயிர்களுக்கு இடுதலைத் தடைசெய்தது. பறவைகளும் மெல்ல மெல்லப் பெருகின. எத்துணை அழகிய படமும் இத்தகைய எண்ணிக்கையின் தொழிலைத் தனியே செய்துவிடாது.

தமிழருள் இவ்விரண்டையும் ஒருங்கே செய்தவர் மா. கிருஷ்ணன் (1912 - 1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகிய இவர், கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். பல கருவிகளின் உறுப்புக்களை இணைத்துத் தாமே அமைத்த கமராவைக் கையாண்டார். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதினார். 1950 முதல் இறக்கும் வரை கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கைக் குறிப்புக்களை இடையறாது எழுதிய பெருமை இவருடையது. நம் நாட்டிலோ, பறவை நூல்களை ஆக்கியோருள் தோட்டத்துரையாக இருந்த பிலிப்ஸ் அவர்களும், தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து 1955இல் இலங்கைப் பறவைகள் பற்றிய சிறந்த நூலை வெளியிட்ட ஹென்றி அவர்களும் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்தம் உழைப்பு போற்றற்குரியது. ஆனால் துரை பங்களாவின் வாயிலிலிருந்து தெரிந்த அதே பறவைகள் லயத்து வாயிலிலிருந்தும் தெரிந்தன. பங்களாவிலிருந்து நூல் பிறந்தது, லயத்திலிருந்து பிறக்கவில்லை. அங்குக் கண் இருந்தது. ஏடும் ஓய்வும் இருக்கவில்லை. இன்று நம் மாணவரிடம் ஏடு உண்டு. பலர் இல்லத்திற் கைத்தொலைபேசியும் உண்டு. இனியும் நூல் பிறவாதிருப்பின் அக்குறை ஆசிரியராகிய எம்மையே சாரும்.

தலவாக்கலையில் விராலடிப்பான் உண்டோ என்று சிலர் வினவுவர். யான் இங்கு அதனைக் கண்டதில்லை. ஆனால் மீன் வேட்டையைக் காண மன்னார் வரை செல்ல வேண்டியதில்லை. ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்தில் அமைந்த எம் நகரருகே, கொத்மலை ஓயாவை மறித்து எழுந்த மேல் கொத்மலை நீர்த்தேக்கம் 2012இல் தொழிற்படத் தொடங்கியது. பல குடும்பங்கள் இடம்பெயர்ந்தமையும், சென் கிளயர் நீர்வீழ்ச்சி முன்னைய பெருக்கை இழந்தமையும் நாம் அறிந்தவை. அத்துணை விலை கொடுத்துப் பெற்ற நீர்ப்பரப்பைப் பேருந்தின் யன்னலூடாக மட்டும் பார்த்துச் செல்கின்றோம். அங்கு நீர்க்காகம் மூழ்கி எழுந்து சிறகு உலர்த்துவதும், கொக்கு ஒற்றைக்காலில் நிற்பதும், சங்கப் புலவர் சிரல் என்று பாடிய மீன்கொத்தி கிளையினின்று பாய்வதும் நாள்தோறும் காணத்தக்கவை. மீன்கொத்தியின் பாய்ச்சலைப் படம் பிடிக்கக் கற்றவன், நாளை விராலடிப்பானின் முன் தடுமாறான். பரீட்சைக்கு இதனாற் பயனென்ன என்று பெற்றோர் கேட்கலாம். கண்டதைக் கண்டவாறு, நாளும் நேரமும் குறித்துத் தமிழில் ஒரு பக்கம் எழுத வல்ல மாணவனுக்கு மொழிப்பாடமும் விஞ்ஞானமும் ஒருசேரக் கைவரும் என்பதை ஆசிரிய அனுபவங் கொண்டு உறுதியாகக் கூறுவேன்.

ஆதலின், பழைய மாணவர் சங்கத்தார் திருவுளங்கொள்ளுமாறு நான்கு விதிகளை முன்வைக்கின்றேன்.

முதலாவது, கூட்டின் படமும் குஞ்சின் படமும் போட்டிக்கு ஏற்கப்படலாகாது.

இரண்டாவது, கல்லெறிந்தும் கைதட்டியும் இரையிட்டும் எடுத்த படம் எத்துணை அழகியதாயினும் விலக்கப்படல் வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு படத்தோடும் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு வருதல் வேண்டும். நாள், நேரம், காற்றின் திசை, பறவை எத்தனை முறை பாய்ந்தது, எத்தனை முறை வென்றது என்பன அதில் இடம்பெறுக. வெறுங்காலோடு எழும் பறவையின் படத்துக்கும், மீனோடு எழும் பறவையின் படத்துக்கும் புள்ளி வழங்குவதில் வேற்றுமை கூடாது. தவறிய பாய்ச்சலும் அதன் உழைப்பே.

நான்காவது, படத்தில் தொழில் செய்யும் மனிதர் இடம்பெறின், அவர்தம் வேலை முடிந்தபின் சென்று அனுமதி பெறுக. படத்தின் ஒரு பிரதியை அவர் கையிற் கொடுத்து வருக.

கமராக்கள் பலவற்றை வாங்குவதிலும், ஒன்றிரண்டு கமராவும் நாலைந்து தொலைநோக்கியும் வாங்கிக் கல்லூரி நூலகத்தில் வைத்தல் சாலச் சிறந்தது. ஒருவன் வென்று வீட்டுக்குக் கொண்டு செல்லும் பரிசு அவனோடு நிற்கும். நூலகத்தில் இருப்பது வருங்காலத்து மாணவர்க்கும் உரியதாகும். அவற்றோடு ஒரு தடித்த பதிவேடும் இருக்கட்டும். இவ்வாண்டு முதலாக நீர்த்தேக்கத்திற் கண்ட பறவைகளை மாணவர் அதில் எழுதிவருவாராயின், கல்லூரியின் அடுத்த விழாவிலே எவரிடமும் இல்லாத ஓர் ஏடு நம்மிடம் இருக்கும்.

மாதிரிப் படத்தை அனுப்பிய அன்பர் இக்கட்டுரையைக் கண்டு வருந்தற்க. அவர் எவ்வாறு எடுத்தார் என்று கேட்டு எழுதினேன். நீரோரச் சேற்றில் மூன்று காலை அமர்ந்து, நான்காம் நாள் அப்படம் கிட்டியதாக மறுமொழி வந்தது. முதல் மூன்று நாட்களிலும் அப்பறவை எத்தனை முறை தவறியது என்பதையும் அவர் எண்ணி எழுதியிருந்தார். எம் போட்டிக்கு நடுவராக அவரையே அழைக்கலாம் என்பது என் வேண்டுகோள்.